சித்திரக்காரரும் சிப்பாயும்

வேலூர்க் கோட்டையின் அகழியோரமாக மாலை வேளையில் ஒரு முறையேனும் உலாவாத மாணவர் நம் கலாசாலையில் இரார். அக்கோட்டையில் ஆண்ட அரசர் யார், அதனை முற்றுகையிட்ட தளகர்த்தர் யார், அதனுள் காவலில் இருந்த இளவரசர் யார் என்று கேட்பின், நம்மிற் பலரும் ஒருவாறு விடை கூறுவர். இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து உலகுக்கு விட்டுச் சென்ற ஓவியர் ஒருவர் இருந்தாரே, அவர் யார் என்று கேட்பினோ, ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே வாய் மூடி நிற்போம். அம்மௌனம் நமக்குப் பெருமை தருவதன்று. ஆதலின் இவ்வாண்டு மலரில் அவரைப் பற்றியும், அவர் காலத்தில் இவ்வூர்த் தெருக்களை நிரப்பியிருந்த சிப்பாய்களைப் பற்றியும் சில சொல்லத் துணிந்தோம்.

அவ்வோவியர் வேலூர் எல்லப்பா ஆவர். 1832-க்கும் 1835-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தீட்டிய நீர்வண்ணச் சித்திரங்கள் கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தன. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லண்டன் மாநகரத்து வாலஸ் கலைக்கூடத்தில், மறக்கப்பட்ட ஓவிய வல்லுநர்கள் என்னும் பொருள்படும் பெயரால் ஒரு காட்சி தொடங்கிற்று. அதனைத் தொகுத்தமைத்தவர் சரித்திர ஆசிரியர் வில்லியம் டால்ரிம்பிள். கிழக்கிந்தியக் கும்பினியின் உத்தியோகஸ்தருக்குச் சித்திரம் எழுதித் தந்த இந்திய ஓவியர்களை முன்னிறுத்தியது அக்காட்சி. கல்கத்தாவில் பறவைகளை உயிருள்ளன போல் வரைந்த ஷேக் ஜைனுத்தீன், கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் பிரயாணத்தில் உடன் சென்று வழிக் காட்சிகளைத் தீட்டிய சீதாராம், டில்லி நகரத்துக் குலாம் அலி கான் முதலியோர் வரிசையில் நம் வேலூர் எல்லப்பாவின் பெயரும் நின்றது. லண்டன் மக்கள் காசு கொடுத்துக் கண்ட பெயரை நம் ஊர் மக்கள் காதாலும் கேட்டிலர்!

அவர் ஓவியங்களுள் நம் உள்ளத்தை மிகவுங் கவர்வது ஒன்று உண்டு. அதில் அவர் வரைந்திருப்பது மன்னரையன்று; துரையையுமன்று; ஓவியத் தொழிலில் ஈடுபட்டிருக்குந் தம்மையே வரைந்துவைத்தார். இது சிறு செயல் போலத் தோன்றலாம். அக்காலத்துத் தென்னாட்டு ஓவியர் நூற்றுக்கணக்கான ஏடுகளை எழுதிக் கொடுத்தும், அவற்றின் ஓரத்தில் தம் பெயரை எழுதினவர் மிகச் சிலரே. சித்திரம் வாங்கியவர் பெயர் ஏட்டின் முகப்பில் நிற்கும். எழுதியவர் பெயர் இராது. இன்றும் உலகத்து அருங்காட்சியகங்களில் அவ்வேடுகளின் கீழே தஞ்சாவூர் ஓவியர் ஒருவர், திருச்சிராப்பள்ளி ஓவியர் ஒருவர் என்றே எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். அத்தகைய காலத்தில், 'இதை எழுதியவன் நான்; என் ஊர் இது; என் முகம் இது' என்று ஒருவர் ஏட்டிலே தம்மை நிறுத்தினாரெனின், அது தற்புகழ்ச்சியன்று; தன்மதிப்பேயாகும். அவர் வாழ்க்கைச் சரித்திரத்தை அவரே ஒரு தாளில் எழுதி முடித்தார் என்று கொள்வதில் யாதும் பிழையில்லை.

அவர் கையாண்ட முறையைப் பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். நம் நாட்டுப் பழைய ஓவியர் வண்ணத்தைப் பிசினோடு குழைத்துத் தடிப்பாகப் பூசுவர். கீழுள்ள தாளின் வெண்மை தோன்றாது. ஐரோப்பியர் முறையோ நீரை மிகுதியாகச் சேர்த்து, வண்ணத்தின் ஊடே தாளின் வெண்மை ஒளிரும்படி மெல்லிதாகப் பரப்புவது. இவ்விரண்டாவது முறையில் ஒரு சங்கடம் உண்டு. எண்ணெய் வண்ணத்தில் நேர்ந்த தவற்றை மேலொரு பூச்சால் மறைக்கலாம். நீர்வண்ணத்தில் மறைக்க இடமில்லை. கை நடுங்கினால் நடுக்கம் தாளில் என்றும் நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சென்னை, வேலூர் முதலிய ஊர்களின் ஓவியர் இவ்விரு முறைகளையும் கலந்து ஒரு புது வழி கண்டனர். திருச்சிராப்பள்ளியார் தாளை விட்டு அப்பிரகத் தகட்டின்மேலும் எழுதினர். அன்னியர் கொண்டுவந்த காகிதத்தையும் நிழலிடும் முறையையும் ஏற்றுக்கொண்டு, உடையின் கரையையும் நகையின் நுட்பத்தையும் பழைய வழியிலேயே கூர்மையாகத் தீட்டிய அவர்களது திறமை எளிதில் வாய்ப்பதன்று.

நிற்க. இவ்வோவியரை அக்காலத்து ஐரோப்பியர் எப்பெயரால் அழைத்தனர் என்பதை நம் தோற்பதனிடும் நாட்டு மாணவர் சிறப்பாக நோக்குதல் வேண்டும். அவர்களை 'மூச்சி' என்று அழைத்தனர். தமிழில் அது முச்சியர் என வழங்கும். சித்திரம் எழுதுவோரையும், தோலாற் சேணமும் உறையும் செய்வோரையும் அவ்வொரு சொல்லே குறித்தது. கச்சேரிகளில் காகிதத்துக்குக் கோடிட்டு, மை கூட்டி, ஏடுகளைத் தைத்துக் கட்டிவைத்த ஊழியருக்கும் அதுவே பெயர். தோலும் தாளும் வண்ணமும் ஒரே கையில் இருந்த காலம் அது! இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்னும் ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட தந்தையர்க்கும் பாட்டனார்க்கும் பிறந்தவர் நம் மாணவருட் பலர். தம் குடும்பத் தொழிலைக் கூறச் சிலர் நாணுவதையும் நாம் கண்டிருக்கிறோம். தோல் தொட்ட கை கலை தொடாது என்னும் எண்ணம் எத்துணைப் பொய் என்பதற்கு அப்பழம் பெயர் ஒன்றே போதிய சான்றாகும்.

இனிச் சிப்பாயைக் காண்போம். அக்காலத்துச் சித்திர ஏடுகளில் தொழிலாளர் பலரும் கணவனும் மனைவியுமாக இணைந்து நிற்பர். நெசவாளரும் அவர் மனைவியும், குயவரும் அவர் மனைவியும், அவ்வரிசையிலே சென்னைப் படையின் சிப்பாயும் அவர் மனைவியும். சிவந்த சட்டையும் உயர்ந்த தலையணியும் துப்பாக்கியுமாகச் சிப்பாய் விறைத்து நிற்பார்; அருகே சேலையுடுத்த இல்லாள் சிறு பொருளொன்றைக் கையிலேந்தி நிற்பாள். அத் தலையணிக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பை யாரே மறக்க வல்லார்? 1805-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் கிரடாக் காலத்தில் புதிய தலையணி ஒன்று விதிக்கப்பட்டது. அதன்மேல் தோலாற் செய்த அணியொன்று இருந்தது. நெற்றியிற் சமயக் குறி இடலாகாது, தாடி வைத்தலாகாது என்னும் கட்டளைகளும் உடன் வந்தன. அத்தோல் எவ்விலங்கின் தோலோ என்னும் ஐயமும் அச்சமும் இந்துவையும் இஸ்லாமியரையும் ஒருங்கே வருத்தின. 1806-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் நாள் விடியுமுன்னர் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தனர். ஆர்க்காட்டினின்றும் குதிரைப் படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி அன்றைய தினமே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். கில்லெஸ்பியின் பெயரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். மாண்ட சிப்பாய்களுள் பத்துப் பேர் பெயரைச் சொல்ல நம்மில் யாரால் இயலும்?

எல்லப்பா தூரிகை ஏந்திய நாள் அக்கிளர்ச்சிக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிற்பட்டது. அன்று இளைஞராய் இருந்த சிப்பாய்கள் நரைத்த முதியவராய் இருந்திருக்க வேண்டிய காலம். இடையில், 1824 முதல் 1826 வரை நடந்த முதற் பர்மியப் போரில் சென்னைப் படையினர் பெருந்தொகையாகக் கப்பலேறி ரங்கூனுக்குச் சென்று போரிட்டிருந்தனர். அத்தகைய பழம் படைவீரர் நடமாடிய நாட்டிலேதான் நம் ஓவியர் தம் தாளை விரித்தார்.

சிப்பாய்க்குத் துப்பாக்கியே கருவி; அவரை நடத்திய துரைமார்க்கோ தூரிகையும் ஒரு கருவியாயிற்று. இங்கிலாந்தில் வுல்விச் நகரத்துப் படைக் கல்விச்சாலையில் 1768 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சித்திரம் பயிற்றுவித்தவர், அந்நாட்டு நீர்வண்ண ஓவியத்தின் தந்தை எனப் புகழப்படும் பால் சான்ட்பி. மலையையும் ஆற்றையும் கோட்டை மதிலையும் கண்டவாறே வரையத் தெரியாதவன் படை நடத்தற்குரியன் அல்லன் என்பது அவர்கள் கொள்கை. சிறு பெட்டியில் அடங்கும் வண்ணக் கட்டிகள், ஒரு குவளை நீர், ஒரு தாள். இவை கூடாரத்திலும் குதிரைமேலும் கொண்டு செல்லத் தக்கவை. ஆகவே நீர்வண்ணம் படைவீரர்க்குரிய கலையாயிற்று. 1850-இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்ஸாந்தர் ஹன்டரும் பட்டாளத்து வைத்தியரே என்பதையும் ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

படைவீரராயும் ஓவியராயும் நம் சோழமண்டலக் கரையில் வாழ்ந்தவர் ஒருவர் சரித்திரத்தைக் காண்க. பிரான்சிஸ் ஸ்வெய்ன் வார்டு என்பவர் கும்பினியின் சென்னைப் படையில் உத்தியோகம் பார்த்தார். பின்பு அதனை விட்டுத் தாய்நாடு சென்று, ஓவியமே தொழிலாகக் கொண்டு, லண்டன் ஓவியர் சங்கத்தின் காட்சிகளில் தம் படங்களை வைத்தார். 1773-இல் தென்னாட்டுக் காட்சிகள் பத்தினைக் கும்பினியார்க்குக் காணிக்கையாக அளித்து, மீண்டும் படையிற் சேர்ந்து இந்நாட்டுக்குத் திரும்பினார். 1794-இல் நாகப்பட்டினத்திலே உயிர் நீத்தார். அவர் தீட்டிய கோயில்களையும் கோட்டைகளையும் கொண்டு, அவர் இறந்த பின்னர் 1805-இல் லண்டனில் படப் புத்தகமும் வெளிவந்தது. அவர் பிறந்த நகரம், சேர்ந்த படை, பெற்ற பதவி, இறந்த ஊர் யாவும் ஏட்டில் உள்ளன. அது நன்றே, அவர் உழைப்பு அதற்கு உரியதே. அயல்நாட்டாராயினும் நம் கோபுரங்களை அன்போடு நோக்கிய கண் அவருடையது. அவர் பெயரைக் குறைக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அவருக்குக் கிடைத்த நினைவில் நாலில் ஒரு பங்கேனும் எல்லப்பாவுக்கும், எல்லப்பாவின் காலத்துச் சிப்பாய்க்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவனவற்றையும் ஆராய்தல் நியாயமாகும். 'கும்பினிச் சித்திரம் அன்னியரை மகிழ்விக்கச் செய்த ஊழியக் கலை. அதனை நாம் போற்றுவானேன்?' என்பர் ஒரு சாரார். வாங்கினவர் அன்னியர் என்பது மெய். ஆயின் நம் நாட்டுத் தோலையும் துணியையும் வாங்கினவரும் அவரே. வாங்குவோன் யாவனாயினும் கைத்திறன் செய்தவனுக்கே உரியது. அரசரை மகிழ்விக்கப் பாடிய புலவரின் பாட்டை நாம் தள்ளிவிட்டோமா?

மற்றொரு சாராரின் கூற்று இதனினும் வலியது. 'அவ்வேடுகள் மக்களைச் சாதி சாதியாகவும் தொழில் தொழிலாகவும் பிரித்து, வண்ணத்துப்பூச்சிகளைக் குத்தி வைப்பதுபோல் நிறுத்திக் காட்டின. மனிதரைக் காட்டவில்லை' என்பர். இதனை நாம் மறுப்பதற்கில்லை. சிப்பாய் என்று எழுதினர். அவர் பெயர் எழுதிலர். குயவர் மனைவி என்று எழுதினர். அவள் பெயர் எழுதிலர். அவ்வேடுகளின் பெருங் குறை அதுவேயாம். ஆயினும் அக்குறையை நீக்கும் வழியை அவ்வேட்டுக்குள்ளேயே காட்டியவர் எல்லப்பா. தொழிலின் பெயரால் மட்டும் அழைக்கப்படாமல், 'நான் இன்ன ஊர் இன்னான்' என்று நின்ற மனிதர் அவர். அவர் தமக்குச் செய்துகொண்டதை நாம் மற்றையோர்க்குச் செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.

அக்கடமை பழங்காலத்தோடு முடிந்ததன்று. நம் ஊர் நெடுங்கடைத் தெருவில் உள்ள மணிக்கூண்டில் ஒரு கல் பதிக்கப்பட்டுள்ளது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரினின்றும் 277 பேர் சென்றனர் என்றும், அவருள் 14 பேர் உயிர் கொடுத்தனர் என்றும் அக்கல் கூறும். எண் உண்டு, பெயர் இல்லை. நாள்தோறும் அதன் கீழே காய்கறி வாங்கியும் பஸ்ஸுக்கு ஓடியும் செல்லும் நாம், அப்பதினால்வர் யார் என்று ஒரு நாளேனும் நின்று கேட்டோமா? அதே போரில் சென்னை மாகாணத்துப் பதனிட்ட தோல்கள் படைவீரர் பாதரட்சைகளுக்காகத் துரைத்தனத்தாரால் பெருந்தொகையாக வாங்கப்பட்டன. தோலையும் எண்ணினர், ஆளையும் எண்ணினர். எண்ணுவது கணக்கருக்குப் போதும், பெற்றவளுக்குப் போதுமோ?

முன்னாள் வடார்க்காட்டு நாடு இன்றும் படைக்கு ஆள் கொடுக்கும் நாடாகவே உள்ளது. வேலூரையடுத்த கம்மவான்பேட்டையை மக்கள் இராணுவப்பேட்டை என்றே வழங்குகின்றனர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் அங்கே உளர். பணி முடித்துத் திரும்பியவர் திண்ணையில் அமர்ந்து பேசும் பேச்சில் இமயத்துப் பனியும் பாலைவனத்து மணலும் வரும். கேட்பவர் இலரேல் அப்பேச்சு அவரோடு மறையும். அத்தகைய வீடுகளிலும், நம் தோற்கிடங்குகளின் பின்னுள்ள சிறு தெருக்களிலும், சித்திரம் எழுதும் கைகள் இரா என்று யார் சொல்ல வல்லார்? தேடினவர்க்கன்றோ அது தெரியும்?

ஆதலின் மூன்று காரியங்களை நம் கலாசாலையார் முன் பணிவுடன் வைக்கிறோம். முதலாவது, கோட்டையினுள் உள்ள அரசினர் அருங்காட்சியகத்தில் வேலூர் எல்லப்பாவின் ஓவியங்களுக்கு நல்ல பிரதிகள் வைக்கப்பட்டு, கீழே அவர் பெயர் தமிழில் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட வேண்டும். அதற்குரிய விண்ணப்பத்தை நம் சரித்திர சங்கத்தார் எழுதத் தொடங்குதல் நலம். மூலம் கடலுக்கு அப்பால் இருப்பினும் நினைவு இங்கே இருக்கத் தடை யாது?

இரண்டாவது, நம் புத்தகசாலையில் ஒரு பெயரேடு திறக்கப்படுதல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் உள்ள முன்னாள் படைவீரர் ஒருவரையாவது, கைவினைஞர் அல்லது ஓவியர் ஒருவரையாவது கண்டு, அவர் பெயர், ஊர், சேர்ந்த படைப்பிரிவு அல்லது பயின்ற தொழில், கண்ட இடங்கள், ஆண்டுகள் ஆகியவற்றை அவர் வாய்மொழியாகவே எழுதி வருவாராக. அவர் இல்லாள் பெயரையும் மறவாமல் எழுதுக. சித்திர ஏட்டில் அருகே நின்றும் பெயரின்றிப் போனவள் அவளே.

மூன்றாவது மிக எளிது. வீட்டில் உள்ள படம் எதுவாயினும், கையால் வரைந்ததாயினும் நிழற்படமாயினும், அதன் பின்புறத்தில் அதிலுள்ளார் பெயரையும் எழுதினார் பெயரையும் ஆண்டையும் இன்றே மெல்லிய பென்சிலால் குறித்துவைக்க. நீர்வண்ணப் படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதிருக்க. ஒளி வண்ணத்தை உண்டுவிடும். ஈரமும் செல்லும் அணுகாதபடி தாளுறையில் இட்டு வைக்க. எஞ்சிய ஏடுகளையும் செல்லுக்கும் பழைய காகிதக் கடைக்கும் இரையாக்கிவிட்டுப் பின்னர் வருந்திப் பயன் என்?

ஓவியர் ஒருவர் ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன்னர் தம்மை ஒரு தாளில் வரைந்து, தம் ஊரின் பெயரையும் சேர்த்து வைத்தார். அத்தாள் உலகத்தின் மறு கோடியில் பத்திரமாய் உள்ளது. அப்பெயரில் அவர் பங்கு எல்லப்பா. நம் பங்கு வேலூர். அவர் தம் பங்கைக் குறைவறச் செய்தார். இனி மாலையில் அகழியோரம் உலாவும் மாணவர் நண்பர் ஒருவரையொருவர், 'இவ்வூர்ச் சித்திரக்காரர் யார்?' என்று கேட்பாராயின், விடை உடனே வருமாக. 'மணிக்கூண்டின் கல்லில் உள்ள அப்பதினால்வர் யார்?' என்று அடுத்த வினா எழுமாயின், அதற்கு விடை தேடும் பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக.